சேலையும் சீமையும்

(படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை, ஞாயிறு வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



நாடகம் எழுதிப் பழகிய கை, நாடகமாகவே தொடங்குகிறது. பொறுத்தருள்க. திரை விலகட்டும்!

இலண்டன் மாநகரின் வடமேற்கே வில்ஸ்டன் என்றொரு பகுதி. 1976ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள், வெள்ளிக்கிழமை. மாலை முதிர்ந்துவிட்ட நேரம். அந்த ஆண்டு சீமையை வாட்டி எடுத்த ஆண்டு. புல்வெளிகள் கருகின, நீர்த்தேக்கங்கள் வறண்டன. பனியையும் மழையையும் பார்த்தே பழகிய நாடு, வெயிலைக் கண்டு திகைத்து நின்றது. அந்த வெக்கையிலே, புழுங்கிக் கிடக்கும் ஒரு தொழிற்கூடம். உள்ளே வரிசை வரிசையாகப் பெண்கள். அவர்களிலே பலர் சேலை கட்டியவர்கள்.

தொழில் என்ன? படம் கழுவும் தொழில். விடுமுறைக்குக் கடற்கரை போன சீமைக் குடும்பத்தார், தாங்கள் எடுத்த படச்சுருளை உறையிலிட்டுத் தபாலில் அனுப்புவார்கள். அதைக் கழுவி, அச்சிட்டு, தபாலிலேயே திருப்பி அனுப்பவேண்டும். கிரன்விக் என்பது நிறுவனத்தின் பெயர். கோடை வந்தால் உறைகள் மலைபோலக் குவியும். மலையைக் கரைக்கும்வரை மாதர் வீடு திரும்பக்கூடாது. "இன்று கூடுதல் நேரம் உண்டு" என்று மாலையில் வந்து சொல்வார்கள். சொல்வார்கள் என்றா கூறினேன்? தவறு. கட்டளையிடுவார்கள். வாரம் நாற்பது மணி நேரத்துக்குக் கூலி 28 பவுன். அந்நாளில் இலண்டனிலே உடலுழைக்கும் பெண்ணின் சராசரி வாரக்கூலி 44 பவுன். கூலியிலே குறைவு, கெடுபிடியிலே மிகுதி. கழிவறைக்குப் போகக்கூடக் கை தூக்கி அனுமதி கேட்கவேண்டும், தோழர்களே! பேரன் பேத்தி கண்ட வயதினரும் பள்ளிப் பிள்ளைபோலக் கை தூக்கவேண்டும்!

அன்று தேவ்ஷி புடியா என்ற இளைஞனை, வேலை மந்தம் என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். அவனுக்காக மூவர் தாமாகவே வெளியேறினர். அந்தி நேரம் நெருங்கியது. ஓர் அம்மையார் தம் வேலை முடிந்ததென்று மேலங்கியை எடுத்தார். கண்ணாடி அறைக்குள்ளிருந்து அழைப்பு வந்தது. "யாரைக் கேட்டுப் புறப்பட்டாய்?" என்று அதட்டல்.

அம்மையாரின் பெயர் ஜெயாபென் தேசாய். வயது நாற்பத்து மூன்று. உயரம் ஐந்தடிக்கும் குறைவு. தலை நிமிர்ந்து பார்த்தால்தான் மேனேஜரின் முகம் தெரியும். நிமிர்ந்தே பார்த்தார். நீர் நடத்துவது தொழிற்சாலை அன்று, மிருகக்காட்சிசாலை என்றார். அதிலே பலவகை விலங்குகள் உண்டு. உம் விரலசைவுக்கு ஆடும் குரங்குகளும் உண்டு, உம் தலையைக் கடித்தெறியும் சிங்கங்களும் உண்டு. நாங்கள் அந்தச் சிங்கங்கள், மேனேஜர் அவர்களே என்றார். விடுமுறைக்காலத்தில் அங்கேயே வேலை பார்த்த தம் மகன் சுனிலையும் அழைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வசனம் எழுதிப் பிழைப்பவன் நான். இரவு முழுதும் விழித்திருந்து எழுதி, அடித்து, மீண்டும் எழுதுகிறவன். இந்த அம்மையாருக்கு அது ஒரு நொடியிலே வந்தது, அதுவும் தாய்மொழியல்லாத மொழியிலே! வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

காட்சியை இங்கே நிறுத்துவோம். குஜராத்திலே தர்மஜ் என்னும் ஊரிலே பிறந்த ஒரு பெண், இலண்டனிலே, வெள்ளையர் வீட்டுக் கடற்கரைப் படங்களை உறையிலிட்டுக்கொண்டிருக்கிறாளே, எப்படி வந்தாள்? யார் அழைத்தார்கள்?

கல்லூரிப் படிப்பை இடையிலே கைவிட்டவன் நான். இருந்தவரையில் வரலாறு என்று என் செவியில் விழுந்ததெல்லாம் வந்தவர் கதை. கிளைவ் வந்தார், ஹேஸ்டிங்ஸ் வந்தார், டல்ஹவுசி வந்தார். கப்பல் கப்பலாக வந்தார்கள். சரி, வந்த கப்பல் திரும்பிப் போயிருக்குமே! மிளகும் துணியும் ஏற்றிய அந்தக் கப்பலின் பாய்மரக் கயிற்றை இழுத்தவன் யார்? அந்தக் கேள்வியை எந்த ஆசிரியரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கல்லூரியிலே இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பேனோ என்னவோ!

கயிறு இழுத்தவனுக்கு லஸ்கர் என்று பெயர். வங்கத்துக்காரன், சில்ஹெட்டுக்காரன், குஜராத்துக்காரன். கீழ்த்திசைக் கம்பெனியின் கப்பல்களிலே, வெள்ளை மாலுமி நோயில் செத்தாலும் ஓடிப்போனாலும் அந்த இடத்தை இட்டு நிரப்பியவன். கப்பல் தேம்ஸ் நதியை அடைந்ததும் அவன் வேலை தீர்ந்தது. திரும்பும் பயணத்திலே மாலுமிகளில் பெரும்பங்கினர் பிரிட்டிஷாராக இருக்கவேண்டும் என்பது சட்டம். வரும்போது வேண்டியவன், போகும்போது வேண்டாதவன்! இலண்டன் தெருக்களிலே, மெல்லிய பருத்தித் துணியோடு, குளிரிலே விறைத்து மாண்டவர் பலர். 1857ஆம் ஆண்டு, இங்கே சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கிய அதே ஆண்டு, அங்கே லைம்ஹவுஸ் பகுதியிலே கிறித்தவ அன்பர்கள் முயன்று அந்த ஆசிய, ஆப்பிரிக்க மாலுமிகளுக்கென ஒரு விடுதி திறந்தார்கள். அந்த அளவுக்குத் தெருவிலே கிடந்தார்கள். 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களிலே உழைத்த லஸ்கர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். கடலை ஆள்கிறோம் என்று பாடியவர்கள் மேல்தளத்திலே. நிலக்கரி அள்ளிப்போட்டவர்கள் கீழ்த்தளத்திலே.

ஆண்கள் கதை அது. பெண்கள் கதை அதைவிடக் கொடிது. துரைசானி ஊர் திரும்பும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா வேண்டும். ஆறு வாரம், எட்டு வாரம், அலைகடலிலே குழந்தையைத் தோளிலே போட்டுத் தாலாட்டுவாள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய ஆயாக்களும் இவர்களில் உண்டு. தமிழிலே தாலாட்டுக் கேட்டுக் கண்ணயர்ந்த வெள்ளைக் குழந்தைகள் எத்தனையோ! இலண்டன் சேர்ந்ததும், திரும்பும் பயணச்சீட்டும் இன்றி அவர்களிலே சிலரைத் தெருவிலே விட்டார்கள். அவர்களுக்கென ஆயாக்கள் இல்லம் ஒன்று எழுந்தது. ஆல்ட்கேட்டில் இருந்து, 1900இல் ஹாக்னி பகுதிக்கு மாறியது. அந்த வீட்டின் சுவரிலே நினைவுப் பலகை பதித்தது எப்போது தெரியுமா? 2022இல்! தாலாட்டு வாங்கிய தலைமுறைகள் எல்லாம் மண்ணுக்குள் போனபிறகு!

இவர்கள் அல்லாமல் மேன்மக்களும் போனார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பாட்னாவிலே பிறந்த தீன் முகமது, 1810இலேயே இலண்டனில் இந்திய உணவுக்கடை திறந்தார். இரண்டே ஆண்டில் கடனில் மூழ்கினார். பிறகு பிரைட்டன் நகரம் போய், ஆவிக்குளியலும் உடல் பிடித்துவிடுதலும் நடத்தி, அரசருக்கே தொண்டு செய்யும் பெயர் பெற்றார். (நம் வீட்டுக் குளியலறையிலே இருக்கிறதே ஷாம்பு, அந்தச் சொல் இங்கிருந்து சீமை போய், பாட்டிலில் அடைபட்டு, விலையோடு திரும்பி வந்த சொல்!) தாதாபாய் நவுரோஜியைப் பற்றிச் சால்ஸ்பரி பிரபு 1888இல் சொன்னார்: ஒரு கறுப்பு மனிதனை ஆங்கிலத் தொகுதி தேர்ந்தெடுக்காது என்று. 1892இல் பின்ஸ்பரி தொகுதி தேர்ந்தெடுத்தது, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய வாக்கு வேறுபாட்டிலே! அழகான பதில். ஆனாலும் தோழர்களே, நவுரோஜிக்குப் பாராளுமன்றக் கதவு திறந்த நாளிலும், லஸ்கருக்கு விடுதிக் கதவு மட்டுமே திறந்திருந்தது. நான் அந்த இரண்டாவது கதவைப் பற்றியே பேச வந்தவன்.

யார் அழைத்தார்கள் என்று கேட்டேன் அல்லவா? அதற்கு விடை சொன்னவர் நம் மொழி பேசும் குடியிலே பிறந்தவர். ஏ. சிவானந்தன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கொழும்பிலே பிறப்பு. 1958இல் இலங்கையிலே தமிழர்மீது வன்முறை பாய்ந்தது கண்டு இலண்டன் புறப்பட்டார். போய் இறங்கினால் அங்கே நாட்டிங்ஹில் பகுதியிலே கறுப்பின மக்களை வெள்ளைக் காலிகள் விரட்டிக்கொண்டிருந்தார்கள்! தீக்குத் தப்பி அடுப்பிலே விழுந்த கதை. நூலகராகப் பணியேற்று, இன உறவு ஆய்வுக் கழகத்தின் தலைமைக்கே உயர்ந்தவர், 2018இல் மறைந்தார். அவருடைய வாசகம் இன்று உலகெங்கும் பதாகைகளிலே பறக்கிறது: நீங்கள் அங்கே இருந்தீர்கள், அதனால் நாங்கள் இங்கே இருக்கிறோம். இரண்டு நூற்றாண்டு வரலாற்றை ஒரு வரியிலே மடித்துக் கொடுத்துவிட்டார். ஏன் வந்தாய் என்று கேட்கிறவனிடம், நீ ஏன் வந்தாய் என்று திருப்பிக் கேட்கும் நியாயம்!

ஜெயாபென் தேசாயின் பயணம் அந்த வரிக்கு உரை. குஜராத்திலிருந்து மணமாகிப் போனது கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கனீக்கா நாட்டுக்கு. அங்கேயும் பிரிட்டிஷ் ஆட்சி. உகாண்டா ரயில்பாதை போட, 1896 முதல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியவர்கள் அவர்கள்தாம். அந்தப் பாதையிலே ஏறத்தாழ 2,500 பேர் மாண்டார்கள். பின்னாலே வணிகரும் எழுத்தரும் போனார்கள். மேலே வெள்ளையர், கீழே ஆப்பிரிக்கர், நடுவிலே இந்தியர் என்று மூன்று தட்டு. நடுத்தட்டிலே இருந்தவர்கள் கொஞ்சம் வசதியாகவே இருந்தார்கள், கீழ்த்தட்டைப் பற்றிக் கவலைப்படாமலும் இருந்தார்கள். அதையும் சொல்லிவிடவேண்டும், நம்மவர் என்பதற்காக மறைத்தல் ஆகாது. ஆட்சி மாறியது. ஆப்பிரிக்கர் தம் நாட்டைத் தாமே ஆளத் தொடங்கினர். நடுத்தட்டு ஆட்டம் கண்டது. கையிலே பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருந்தது. புறப்பட்டார்கள்.

கடவுச்சீட்டு இருந்தும் கதவு? 1968இல், கெனியாவிலிருந்து ஆசியர் வரத் தொடங்கியதும், மூன்றே நாளில் சட்டம் செய்தார்கள். பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிரிட்டனிலே பிறந்திருக்கவேண்டும், இல்லையேல் கடவுச்சீட்டு வெறுங்காகிதம். செய்தது தொழிலாளர் கட்சி அரசு! அதே ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் பர்மிங்காமிலே ஈனாக் பவல் பேசினார், இரத்த ஆறு ஓடும் என்ற பொருளிலே. போர்க்காலத்திலே இந்தியாவிலே பணியாற்றி, உருது கற்று, வைசிராய் நாற்காலிமேல் ஆசை வைத்திருந்தவர் அவர். நாம் அங்கே போய் நாற்காலி கேட்கலாகாது. தொழிற்சாலை முக்காலிகூடக் கேட்கலாகாது!

பவல் பேசியதிலே எனக்கு வியப்பில்லை. மூன்று நாள் கழித்து நடந்ததுதான் நெஞ்சைத் தைப்பது. இலண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பாராளுமன்றம் நோக்கி ஊர்வலம் போனார்கள். பவலை எதிர்த்தா? இல்லை, பவலை ஆதரித்து! லஸ்கர் வந்திறங்கிய அதே துறைமுகம். மூட்டை சுமக்கும் தோள், மூட்டை சுமக்கும் இன்னொரு தோளைக் கண்டு "வெளியே போ" என்றது. இந்த ஊர்வலத்தை மனத்திலே நிறுத்திக்கொள்ளுங்கள், தோழர்களே. மீண்டும் இதற்கு வருவேன்.

அது ஏதோ ஒருநாள் ஆத்திரமும் அன்று. 1965இல் பிரஸ்டன் நகரத்து ஆலையிலே ஆசியர் வேலைநிறுத்தம் செய்தனர்; சங்கம் கைவிட்டது. 1972இல் லப்பரோ நகரின் பின்னலாடை ஆலையிலே, நல்ல கூலி தரும் வேலைகளை வெள்ளையருக்கே ஒதுக்கினார்கள் என்று ஆசியர் எழுந்தனர். சங்கம் தயங்கித் தயங்கி நின்றது. 1974 மே முதல் நாள், ஆம், மே நாளன்றே, லெஸ்டர் நகரின் தட்டச்சுப் பொறித் தொழிற்சாலையிலே, ஊக்கத்தொகைக் கணக்கிலே ஏமாற்றப்படுகிறோம் என்று 39 பேர் வெளிநடந்தனர்; நூற்றுக்கணக்கானோர் பின்தொடர்ந்தனர். முறைப்படி முறையிடவில்லை என்று சொல்லிச் சங்கம் கைவிரித்தது. மாதச் சந்தா மட்டும் முறைப்படி வாங்கினார்கள்! இந்த லெஸ்டர்தான், 1972இல் இடி அமீன் உகாண்டா ஆசியரை விரட்டியபோது, எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று உகாண்டாவின் ஏட்டிலே விளம்பரம் கொடுத்த லெஸ்டர்.

இப்போது திரையை மீண்டும் தூக்குவோம்.

வெள்ளிக்கிழமை வெளியே வந்த ஜெயாபென்னும் மகனும் மற்ற நால்வரும் திங்கட்கிழமை வாயிலிலே நின்றனர், கையிலே எழுதிய அட்டைகளோடு. சங்கம் என்றால் என்ன, எங்கே இருக்கிறது, யாரிடம் போவது, ஒன்றும் தெரியாது. மகன் மிதிவண்டியிலே போய் விசாரித்து வந்தான். அபெக்ஸ் என்ற எழுத்தர் சங்கம் சேர்த்துக்கொண்டது. சில நாளிலே 137 பேர் வாயிலுக்கு வெளியே. உள்ளே இருந்தவர் மொத்தம் ஏறத்தாழ 490. கோரிக்கை என்ன? ஊதியத்தை இரட்டிப்பாக்கு என்றா? இல்லை. எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள். எங்களை மனிதராக நடத்து. முதலாளியின் மறுமொழி: அத்தனை பேரும் நீக்கம்.

முதலாளி யார் என்று கேட்பீர்கள். ஜார்ஜ் வார்டு. எங்கே பிறந்தவர்? புதுதில்லியிலே! ஆங்கிலோ-இந்தியர். நாடகத்திலே இப்படி ஒரு பாத்திரத்தை வைத்தால், தற்செயல் அதிகம் என்று நீங்களே குறை சொல்வீர்கள். அதுபோல, மறியலைத் தாண்டி, கம்பெனிப் பேருந்திலே ஏறி உள்ளே வேலைக்குப் போனவர்களிலும் ஆசியப் பெண்கள் இருந்தார்கள். அவர்களைத் தூற்ற எனக்கு மனமில்லை. வீட்டு வாடகையும் பிள்ளை பசியும் யாருக்கும் பொதுவானவை. கறுப்பு ஒருபக்கம் வெள்ளை ஒருபக்கம் என்று கோடு கிழித்துக் கதையை எளிதாக்க நினைப்பவர்களை இந்த வாயில் ஏமாற்றிவிடும். அதை மட்டும் சொல்கிறேன்.

வாயிலிலே வாய்ச்சண்டையும் நடந்தது. சேலை கட்டிக்கொண்டு நீ வெல்லமுடியாது, குட்டைப் பாவாடையிலே வா என்று முதலாளி ஏளனம் செய்ததாக அம்மையாரே பின்னாளிலே கூறினார். இவர் விட்டாரா? இந்திரா காந்தி அம்மையார் சேலையிலேதான் ஒரு பெரிய நாட்டை ஆள்கிறார் என்றாராம். (இந்திரா அப்போது நெருக்கடி நிலையை அறிவித்துவிட்டு ஆண்டுகொண்டிருந்தார் என்பது நமக்கு உறுத்தும். ஆனால் வில்ஸ்டன் தெருவிலே, அந்த நொடியிலே, அதைவிடக் கூர்மையான விடை வேறு இல்லை.) உன் சாதிசனத்திடம் உன்னைப் பற்றித் தூற்றுவேன் என்று அடுத்த முறை மிரட்டினாராம். நீர் ஒரு சாதியிடம் சொல்வீர், நான் இந்த அட்டையோடு இங்கிலாந்து முழுவதற்கும் சொல்கிறேன் என்றாராம் ஜெயாபென்.

சொல்லியும் காட்டினார். ஊர் ஊராகப் போனார். சுரங்கம், எஃகாலை, கப்பற்பட்டறை என்று வாயில்தோறும் பேசினார். இதைக் கேட்டு முதலில் அசைந்தவர்கள், அக்கம்பக்கத்துத் தபால்காரர்கள். தபால் இல்லையேல் கிரன்விக் இல்லை அல்லவா? கிரிக்கிள்வுட் தபால் நிலையத்தார் அந்த உறைகளைத் தொடமாட்டோம் என்றார்கள். முதலாளியின் கழுத்திலே கைவைத்தது அதுதான். 1976 நவம்பரில் சில நாள். வழக்கு வருமென்ற மிரட்டலிலே நின்றது. 1977 ஜூனில் மீண்டும், இம்முறை தங்கள் சொந்தச் சங்கத் தலைமையின் சொல்லையும் மீறி! கூலியை இழந்தார்கள், வேலையிலிருந்து விலக்கிவைக்கப்பட்டார்கள். யாருக்காக? தாங்கள் பெயர்கூட உச்சரிக்கத் தெரியாத பெண்களுக்காக. இந்தக் கதையிலே சிலை வைக்கத்தக்கவர் ஜெயாபென் மட்டும் அல்லர். அந்தப் பெயரறியாத் தபால்காரரும்தான்.

1977 மே மாதத்திலே அமைச்சர்களே மறியல் வரிசைக்கு வந்து நின்றார்கள்: ஷெர்லி வில்லியம்ஸ், பிரெட் முல்லி, டெனிஸ் ஹவல். பாதுகாப்பு அமைச்சர் ஒரு படக்கடை வாயிலிலே! படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஜூன் 13 முதல் பெருந்திரள் மறியல். போலீசார் அணியணியாக வந்தார்கள். தனிச் சிறப்புப் படையையும் இறக்கினார்கள். முடியைப் பிடித்து இழுத்தார்கள், தரையிலே தள்ளினார்கள். ஒரு காவலர் தலையில் பாட்டில் பட்டு இரத்தம் சிந்திய படத்தை ஏடுகள் முதற்பக்கத்திலே போட்டன. அடிபட்ட தொழிலாளர் படங்களுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. போராட்டம் முடிவதற்குள் கைதானவர்கள் ஐந்நூறுக்கும் மேல்.

ஜூலை 11ஆம் நாள்! தோழர்களே, எனக்கு அந்த நாளை மேடையேற்ற ஆசை. எந்த மேடை தாங்கும்? யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர்கள் ஆர்தர் ஸ்கார்கிலோடு வந்தார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்தார்கள், வேல்ஸிலிருந்து வந்தார்கள். ஏறத்தாழ 20,000 பேர் என்று கணக்கிட்டார்கள். அந்தச் சின்னஞ்சிறு தெருக்களிலே கொடிகள் நுழைய இடமில்லை. கரி படிந்த கைகள். அவற்றின் நடுவே கண்ணாடி வளையல் கைகள். அந்தக் கோடைப் பெருமறியலின் முன்னணியிலே வந்த ஒரு பதாகை யாருடையது தெரியுமா? இலண்டன் துறைமுகத் தொழிலாளர் பிரதிநிதிகளுடையது! ஒன்பது ஆண்டுக்கு முன் பவலுக்காக நடந்த அதே துறைமுகம். மனத்திலே நிறுத்தச் சொன்னேனே, அந்த ஊர்வலத்துக்கு எதிர் ஊர்வலம் இது. அறிவுரை சொல்லி அவர்களை மாற்றவில்லை. சட்டம் போட்டு மாற்றவில்லை. ஓர் ஆண்டு, வெயிலிலும் பனியிலும், சேலைமேல் கம்பளி மேலங்கி போர்த்தி வாயிலிலே நின்று காட்டினார்களே, அது மாற்றியது.

வென்றார்களா?

இல்லை. தோற்றார்கள்.

தோல்வியை விளக்கமாகவே சொல்லவேண்டும். நம் மேடைகளிலே வெற்றியை மட்டும் விளக்கும் வழக்கம் இருக்கிறது. அரசின் சமரச அமைப்பு, சங்கத்தை ஏற்கவேண்டும் என்றது. முதலாளி, உள்ளே வேலை செய்வோரின் முகவரிகளைத் தராமல் இருந்துவிட்டு, அவர்களைக் கேட்காமல் எப்படி முடிவு செய்யலாம் என்று வழக்குத் தொடுத்தார்! 1977 டிசம்பரிலே பிரபுக்கள் சபை அவர் பக்கமே தீர்ப்பளித்தது. நீதிபதி ஸ்கார்மன் தலைமையிலே விசாரணைக் குழு, வேலையைத் திருப்பிக் கொடு என்றது குழு, கொடுக்கமாட்டேன் என்றார் முதலாளி, முடிந்தது. தபால்காரர்களை அவர்கள் சங்கமே நெருக்கிப் பணிக்குத் திருப்பியது. மின்சாரம், தண்ணீர் ஆகியவற்றை நிறுத்த மற்றச் சங்கங்கள் முன்வரவேண்டும் என்று ஜெயாபென் மன்றாடினார். தீர்மானம் வந்தது. பாராட்டு வந்தது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

1977 நவம்பரிலே அம்மையார் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமையகத்து வாயிலிலேயே உண்ணாவிரதம் உட்கார்ந்தார், மூன்று தோழர்களோடு. முதலாளி வாயிலிலே அன்று, சங்கத்து வாயிலிலே! அவருடைய சங்கம் என்ன செய்தது? அவரை இடைநீக்கம் செய்தது. அப்போது அவர் சொன்னது ஒரு பழமொழிபோல நின்றுவிட்டது: சங்கத் தலைமையின் ஆதரவு முழங்கையிலே பூசிய தேன், மணக்கிறது, தெரிகிறது, நாக்குக்கு எட்டவில்லை. தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பது நம் ஊர்ப் பழமொழி. புறங்கை எட்டும். முழங்கை எட்டாது. நீங்களே வேண்டுமானால் முயன்று பாருங்கள்.

1978 ஜூலை 14ஆம் நாள் போராட்டத்தை முடித்துக்கொண்டார்கள். ஏறத்தாழ இரண்டாண்டு. ஒருவருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு தாட்சர் அம்மையார் ஆட்சிக்கு வந்தார். 1980இல், தன் பணியிடத்து வாயிலைத் தவிர வேறு வாயிலிலே மறியல் செய்தால் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று ஆக்கினார். சுரங்கத்தான் சேலைக்காரிக்காக வந்து நிற்கும் காட்சி இனி வேண்டாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான ஒப்புதல் வேறென்ன? தோற்ற போராட்டத்தைக் கண்டு யாரும் சட்டம் செய்யமாட்டார்கள்.

ஆனாலும் 2005இல் ஹீத்ரோ விமான நிலையத்திலே, விமானங்களுக்கு உணவு தயாரிக்கும் ஒரு கம்பெனி, பெரும்பாலும் பஞ்சாபிப் பெண்களான அறுநூறுக்கும் மேற்பட்டோரை ஒரே நாளிலே நீக்கியபோது, சட்டம் தடுத்தும் விமான நிலையத்துச் சுமை தூக்குவோர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். வானத்திலே விமானம் பறக்கவில்லை. எங்கே கற்றார்கள் இதை?

2022 அக்டோபரிலே ரிஷி சுனக் பிரிட்டனின் பிரதமரானார். நம் ஏடுகளிலே எத்தனை கொண்டாட்டம்! இனிப்பு வழங்கினார்கள். அவருடைய தாயார் பிறந்தது தாங்கனீக்காவிலே. ஜெயாபென் வாழ்ந்து கிளம்பிய அதே நாட்டிலே. ஒரே பாதை. எனக்கும் அந்த நாள் மகிழ்ச்சிதான். சால்ஸ்பரி பிரபுவின் ஆவி கேட்டிருக்கும். ஆனால் 2023இலே, வேலைநிறுத்தக் காலத்திலும் இத்தனை பேர் பணிக்கு வந்தே தீரவேண்டும் என்ற சட்டம் வந்தது இந்தச் சுனக் ஆட்சியிலே. இனிப்பு வழங்கியவர்கள் அதைக் கவனித்தார்களா? பத்தாம் எண் வீட்டுக்குள் ஒருவர் நுழைந்ததை எண்ணுகிறோம். வாயிலிலே நின்ற 137 பேரை எண்ணுவதில்லை.

அங்கே சிலர் எண்ணினார்கள். 2016இல் பிரிட்டிஷ் வானொலியின் பெண்கள் நிகழ்ச்சி ஒன்று, எழுபதாண்டுகளிலே பெண்கள் வாழ்வை மாற்றிய எழுவர் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. முதலிடம் தாட்சருக்கு. அதே ஏழு பேரில் ஜெயாபென் தேசாயும். (அந்த எழுவரில் ஒருத்தி கதையிலே வரும் கற்பனைப் பாத்திரம் என்பதையும் சொல்லிவைக்கிறேன், பட்டியல்களை அளவோடு மதிப்பது நல்லது.) அதைப் பார்க்க அம்மையார் இல்லை. 2010 டிசம்பரிலே மறைந்துவிட்டார்.

போராட்டம் முடிந்தபின் என்ன ஆனார் என்று விழாவிலே ஒரு பெண் எழுந்து கேட்டார். உடல்நலம் குன்றியிருந்தது. மீண்டும் தையல் வேலைக்குப் போனார். பிறகு ஹாரோ பகுதிக் கல்லூரி ஒன்றிலே நம் பக்கத்து உடைகள் தைக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியை ஆனார். அறுபதாம் வயதிலே கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, தேர்விலும் வென்றார். தன்னோடு பழகிய பெண்களிடமெல்லாம், நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள், யாரையும் கேட்டுப் புறப்பட வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.